திரு. தறி உட்பட அறுவர்

ஒரு பாட்டுக் குழுவில் ஐந்து பேர் இருந்து மூன்று பேர் போய்விட்டால் மிச்சம் எத்தனை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் இரண்டு என்று சொல்லிவிடும். மாவட்ட மெல்லிசைக் குழுக்கள் ஒலி ஒழுங்கு வாரியத்துக்கு அந்தக் கணக்கைப் போட நாலு மாதமும் ஏழு கடிதமும் தேவைப்பட்டன. கடைசியில் வாரியத்துக்கு வந்த விடை மூன்று. இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

ஐயம்பேட்டை ஜான்சன் பகலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். மற்ற நேரத்தில் 'நாடா' என்கிற பாப் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவன். பிள்ளையார்பாளையத்தில் கீர்த்தியின் அப்பா வேலாயுதம் பட்டு நெய்கிற கூடத்தில், தறி போக மிச்சம் கிடந்த இடத்தில்தான் ஐந்து பேரும் பயிற்சி செய்தார்கள். தறியில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடிக்கொண்டே இருந்த நாடாவைப் பார்த்துவிட்டுக் குழுவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் குரு. அவன்தான் பாட்டு எழுதுவான், பாடுவான். கூடப் பாடுவது சந்தியா. அருள் கிட்டார், கீர்த்தி கீபோர்டு. 'பஸ் ஸ்டாண்டு பச்ச லைட்டு' என்ற அவர்களுடைய பாட்டுக்கு ஏனாத்தூர் கல்லூரிப் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி ஆடி, இரண்டு நாற்காலி உடைந்தது. அவ்வளவு நல்ல பெயர்.

பிறகு மூன்றே மாதத்தில் எல்லாம் கலைந்தது. சந்தியாவுக்குக் கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போனாள். அருள் ஏசி ரிப்பேர் வேலைக்குக் கத்தாருக்குப் போனான். குரு ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு வெள்ளை கேட் பக்கம் லாரி இடித்துச் செத்துப்போனான். முதல் இரண்டு பேரையும் பேருந்து நிலையத்திலும் விமான நிலையத்திலும் கையசைத்து அனுப்பிய ஜான்சன், மூன்றாவது ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான்.

மிஞ்சிய இருவரும் பழைய பாட்டையே பழைய மாதிரி வாசித்துப் பார்த்தார்கள். ஜான்சன் குருவின் குரலில் பாடிப் பார்த்தான். கேட்கச் சகிக்கவில்லை. ஒருநாள் கூடத்தில், தலையைக் குனிந்துகொண்டு, சொந்தக் குரலில், கரகரவென்று, வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பாடினான். கீர்த்தி ஒரே விரலால் வாசித்தாள். துள்ளிக் குதித்த பாட்டு துக்க வீட்டுக்குப் போய்த் திரும்புகிற ஆள் மாதிரி நடந்தது. வேலாயுதம் தறியின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, "நிறுத்தாத. பாடு" என்றார். அன்றைக்குத்தான் ஜான்சனுக்குப் பல நாளுக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது.

சிக்கல் வாரியத்தில் இருந்தது. மாவட்டத்தில் எந்த மேடையில் ஏறவும் வாரியத்தின் அட்டை வேண்டும். அட்டையில் குழுவின் பெயரோடு அதன் ஒலி வகையும் இருக்கும். அட்டையைப் புதுப்பிக்காவிட்டால் பெயர் பறிபோய், வரிசையில் காத்திருக்கிற வேறு குழுவுக்குப் போகும். 'நாடா' என்ற பெயருக்கு ஏற்கெனவே இரண்டு பேர் மனு போட்டிருந்தார்கள். குருவின் அம்மா அம்சா இதைக் கேள்விப்பட்டு ஜான்சனின் ஆட்டோவை நடுரோட்டில் நிறுத்தினாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்பா. அந்தப் பேர மட்டும் உட்டுடாதீங்க. எம்புள்ள வெச்சது அது ஒண்ணுதான் மிச்சம் இருக்குது."

"உட மாட்டோம்மா" என்றான் ஜான்சன். ஆட்டோவில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் அதற்குச் சாட்சி.

வாரிய அலுவலகம் ரயில்வே ரோட்டில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. உதவி ஒலி அலுவலர் சிவபாலன் நல்ல மனிதர். யார்மேலும் எரிந்து விழமாட்டார். எதையும் செய்தும் தரமாட்டார்.

"ஒலி மாறிட்டுதுன்னு எழுதியிருக்கீங்க. எப்படி மாறிச்சு?"

"ஆளுங்க போயிட்டாங்க சார். பாட்டு மெதுவா ஆயிடுச்சு. கொஞ்சம்... சோகமாவும் ஆயிடுச்சு."

"சோகம்னு நம்ம கிட்ட வகையே இல்லியே தம்பி. துள்ளல், அரைத்துள்ளல், பக்தி, இதர. இதுல எது?"

"இதரன்னு போட்டுக்கோங்க சார்."

"இதர பொம்மலாட்டத்துக்கு. சரி, அது அப்புறம். மொதல்ல விதி பதினொண்ணு. பாதி ஆளாவது இருந்தாதான் குழு உயிரோட இருக்குதுன்னு அர்த்தம். அஞ்சுல ரெண்டுன்னா..." என்று உதட்டைப் பிதுக்கியபடி பழைய கோப்பைப் புரட்டியவர் நிமிர்ந்தார். "யார் சொன்னது அஞ்சுன்னு? இங்க ஆறு பேர் இருக்குதே!"

ஜான்சன் எட்டிப் பார்த்தான். ஐந்து பெயருக்குக் கீழே ஆறாவதாக, 'திரு. தறி, வயது 1' என்று தட்டச்சு செய்திருந்தது.

இது எப்படி வந்தது என்பது நெசவுக்காரர் வீட்டைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். அந்த வீடுகளில் எந்தப் படிவத்தை நிரப்பினாலும் ஆட்களின் பெயருக்குக் கீழே தறியையும் எழுதிவிடுவது பழக்கம். கூட்டுறவுச் சங்கத்திலும் கேட்பார்கள், மின்சார அலுவலகத்திலும் கேட்பார்கள். நாலு வருடத்துக்கு முன் வாரியப் படிவத்தை நிரப்பியவள் கீர்த்தி. 'பயிற்சியின்போது இடைவிடாது ஒலி எழுப்புவோர்' என்ற தலைப்பைப் பார்த்ததும் கை தானாக ஓடி, ஐந்து பெயருக்கு அடியில் 'தறி – 1' என்று எழுதிவிட்டாள். மரியாதை தெரிந்த தட்டச்சர் ஒருவர் 'திரு' சேர்த்திருக்கிறார்.

உண்மையைச் சொல்ல ஜான்சன் வாயைத் திறந்தான். அதற்குள் சிவபாலன் விரல்விட்டு எண்ணி முடித்துவிட்டார்.

"ஆறுல மூணு போனா மூணு. சரி பாதி! நீங்க அதிர்ஷ்டசாலி தம்பி. அந்தத் தறி மட்டும் இல்லன்னா இன்னிக்கே ரத்து."

ஜான்சன் வாயை மூடிக்கொண்டான்.

"வயசு ஒண்ணுன்னு இருக்குது. இப்ப அஞ்சு ஆயிருக்குமே. பள்ளிக்கூடத்துல சேத்துட்டீங்களா?"

"வேலைக்குப் போவுது சார்" என்றான் ஜான்சன். அவனுக்கே அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சிவபாலன் ஓரத்தில் 'குழந்தைத் தொழிலாளர்? பார்க்கவும்' என்று பென்சிலால் குறித்துக்கொண்டார்.

அடுத்ததாக, போன மூன்று பேரும் தங்கள் ஒலியைக் குழுவிலிருந்து விலக்கிக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். சந்தியாவின் மாமியார், மருமகள் கல்யாணத்துக்கு முன் பாடியதே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். வாரியம் அதை ஏற்றுக்கொண்டது. அருள் கத்தாரிலிருந்து, ஏசி பெட்டியைக் கழற்றியபடியே, 'என்னோட கிட்டார் சத்தத்த நான் எடுத்துக்கறேன்' என்று வீடியோ அனுப்பினான். அதையும் ஏற்றுக்கொண்டது. குருவுக்கு மூன்றுமுறை நேரில் ஆஜராகும்படி அழைப்பு போனது. அம்சா மூன்றையும் அவன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

ஜான்சன் இறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"இது அவர் இறந்ததுக்கு சான்று" என்றார் சிவபாலன், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு. "அவர் ஒலி போனதுக்கு சான்று எங்க?"

"ஆளே இல்ல சார். ஒலி எங்கேருந்து வரும்?"

"இருக்குதே தம்பி. நீங்க பதிவு பண்ணும்போது குடுத்த பாட்டு எங்க அலமாரியில இருக்குது. அதுல நல்லாத்தான் பாடிக்கினு இருக்காரு. அப்புறம் எப்படி இல்லன்றது?"

ஜான்சன் மாடிப்படி இறங்கினான். கீழே ஸ்வீட் கடை வாசலில் ஜிலேபி பிழிகிறவனைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான். நண்பன் செத்துவிட்டான் என்பதை இன்னும் எத்தனை மேஜைக்கு முன்னால் நிரூபிக்க வேண்டும் என்று நினைத்தபோது, தானும் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டு வருகிற மாதிரி அருவருப்பாக இருந்தது. விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அம்சாவின் முகம் நினைவுக்கு வந்ததும் போய் ஆட்டோவை எடுத்தான்.

ஒரு மாதம் கழித்து நேரடி ஆய்வுக்கு வாரியத் தலைவர் டாக்டர் ராஜவேலுவே வந்தார். முப்பத்திரண்டு வருடம் மீன்வளத் துறையில் இருந்து ஓய்வு பெற்று, அதே வேகத்தில் இசைக்கு வந்தவர். பின்னால் சிவபாலன், கையில் சால்வை, மாலை, கோப்பு.

வேலாயுதம் முகூர்த்தப் புடவை ஒன்றை அவசரமாக நெய்துகொண்டிருந்தார். ராஜவேலு நேராக அவரிடம் போய்க் கைகூப்பினார்.

"தாங்கள்தானே திரு. தறி?"

"நான் வேலாயுதம்ங்க. தறி இதோ, இதான்" என்று அவர் மரச்சட்டத்தைத் தட்டிக் காட்டினார்.

கீர்த்தி ஜான்சனைத் திரும்பிப் பார்த்தாள். ஜான்சன், எல்லாம் முடிந்தது, பெயர் போயிற்று என்று நினைத்தான். ஆனால் அவன் வாரியத்தைக் குறைவாக எடைபோட்டிருந்தான். ராஜவேலு தறியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பதிவேட்டைப் பார்த்தார். தறியைப் பார்த்தார். பதிவேட்டில் தப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் அதில் நாலு வருடமாகக் கையெழுத்துப் போட்டு வந்தவர் யார் என்ற கேள்வி வரும்.

"வாரியத்தின் பதிவேட்டில் பிழை நேர்ந்ததாக வரலாறு இல்லை" என்றார். "பதிவேடு இவரை உறுப்பினர் என்கிறது. ஆகவே இவர் உறுப்பினர். வருகை எப்படி?"

வேலாயுதத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் தன் தறியைப் பற்றி ஒருவர் மரியாதையாகக் கேட்கிறாரே என்று, "ஒருநாள்கூட நின்னதில்லீங்க" என்றார்.

"கேட்டீரா சிவபாலன்? வெளிநாடு போகவில்லை, திருமணம் செய்துகொள்ளவில்லை, இறக்கவும் இல்லை. உறுப்பினர் என்றால் இப்படி இருக்க வேண்டும். மூப்பின் அடிப்படையில் திரு. தறியையே குழுத் தலைவராக நியமிக்கிறேன்."

சால்வையைத் தறியின்மேல் போர்த்தினார்கள். "ஐயோ, பாவு நூல் அறுந்துடும் சார்!" என்று வேலாயுதம் பதறி எழுந்தார். அதைத் தலைவரின் ஏற்புரையாகக் குறித்துக்கொண்டார் சிவபாலன்.

பிறகு ஒலித் தேர்வு. ஜான்சனும் கீர்த்தியும் வாசித்தார்கள். தோற்றால் பெயர் போய்விடும் என்ற பயத்தில் தொடங்கினாலும், இரண்டாவது அடிக்குள் ஜான்சன் வாரியத்தை மறந்துவிட்டான். குரு எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகக் கீழே வைத்துவிட்டுப் போகிற மாதிரி பாடினான். முடிந்ததும் ராஜவேலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொண்டையைச் செருமினார். எழுந்து நின்று, அங்கிருந்த நாலு பேருக்கும் ஒரு தறிக்கும் உரையாற்றினார்.

"உண்மையை மறைக்கமாட்டேன். என் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கவலை தருவதும் அதுதான். வாரியம் ஒப்புதல் அளித்த ஒலிகளில் இதுவரை ஒன்றுகூட யார் கண்ணையும் கலக்கியதில்லை. இன்று ஒரு பாட்டு என்னைக் கலங்க வைத்தால், நாளை மாவட்டம் முழுதும் கலங்கும். அதற்கு யார் பொறுப்பு? நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் மீன்களோடு இருந்தவன். ஒரு மீனும் என்னிடம் இப்படி நடந்துகொண்டதில்லை. இசை என்பது என்ன? பதிவு செய்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருப்பது. மனிதர்கள் சாகலாம், அது அவர்கள் விருப்பம். ஒலி மாறக்கூடாது."

சிவபாலன் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

உத்தரவு ஒரு வாரத்தில் வந்தது. நாடா குழுவின் அட்டை புதுப்பிக்கப்பட்டது. பெயர் தப்பியது. ஒலி வகை: துள்ளல். கீழே ஐந்து நிபந்தனைகள். மாவட்ட இசை விழாவில் குழு கலந்துகொண்டு தன் ஒலியை நிரூபிக்க வேண்டும். அங்கே வாரிய அலமாரியில் உள்ள பழைய பதிவே ஒலிபரப்பப்படும். எஞ்சியுள்ள உறுப்பினர்கள் மேடையில் இருக்கலாம். ஆனால் பதிவு செய்த ஒலிக்கு இடையூறாக எந்த ஒலியும் எழுப்பக்கூடாது. டிரம்ஸ் குச்சிகளுக்குத் துணி சுற்றியிருக்க வேண்டும். கீபோர்டு ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும்.

கீர்த்தி அதை இரண்டுமுறை படித்தாள். "அப்ப நம்ம எதுக்குப்பா அங்க?"

"பேருக்கு" என்றான் ஜான்சன். "பேர் நிக்கணும்ல? ஒருநாள்தான, மூஞ்சக் காட்டிட்டு வந்துடுவோம்."

சொல்லிவிட்டானே தவிர, குச்சிக்குத் துணி சுற்றும்போது முடிச்சுப் போட்ட இடம் மூன்றுமுறை அவிழ்ந்தது.

விழா ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், சாயங்கால வெயிலில் நடந்தது. நாடா குழுவுக்கு மேடையில் ஆறு நாற்காலி போட்டிருந்தார்கள். நாலு காலி. நடுநாற்காலியில் 'தலைவர்' என்று எழுதிய அட்டை. இரண்டாவது வரிசையில் அம்சா உட்கார்ந்திருந்தாள். பாடப்போவது யார் என்று அவளிடம் சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

பாட்டு தொடங்கியது. குருவின் குரல் மைதானம் முழுக்க எழுந்தது. அவன் பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரியே இருந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அம்சா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜவேலு முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டார். ஜான்சன் துணி சுற்றிய குச்சியைக் காற்றில் அசைத்துக்கொண்டிருந்தான். செத்தவன் பாட, உயிரோடிருப்பவன் வாயடைத்து உட்கார்ந்திருந்தான்.

இரண்டாவது சரணம் முடிந்து டிரம்ஸ் தனியாக வருகிற இடம். அதற்கு ஒரு நொடி முன்னால், பதிவில், குரு சிரித்துக்கொண்டே கத்தினான்:

"டேய் ஜான்சா, போடுறா!"

நாலு வருடத்துக்கு முந்தைய ஜான்சன் ஸ்பீக்கருக்குள்ளிருந்து பொளந்து கட்டினான். இந்த ஜான்சன் ஓங்கி அடித்தான். துணியில் மொத்தென்று ஒன்றுமில்லாத சத்தம் வந்தது. மறுபடி அடித்தான். அதே மொத். கூப்பிட்டது குரு, பதில் சொல்ல வாயில்லை. பல்லால் முடிச்சைக் கடித்துத் துணியை உரித்து எறிந்தான். அடி விழுந்தது. பழைய அடி முன்னே ஓட, புது அடி பின்னால் இடறி, மைதானம் முழுக்கக் கல் விழுகிற சத்தமாக ஆயிற்று. கீர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள். எழுந்துபோய் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கினாள்.

அதற்குள் மறுபடி பாடத் தொடங்கியிருந்த குரு பாதிச் சொல்லில் நின்றுபோனான்.

அந்த அமைதியில் ஜான்சன் பாடத் தொடங்கினான். தன் குரலில், மெதுவாக. கீர்த்தி ஒயரைத் தேடி மாட்டி, அவன் மூன்றாவது வரிக்கு வரும்போது சேர்ந்துகொண்டாள். நாலு நிமிடம் யாரும் தடுக்கவில்லை. தடுப்பதற்கான படிவத்தைச் சிவபாலன் தேடிக்கொண்டிருந்தார்.

வாழ்நாளில் முதல்முறையாக வாரியம் உடனடியாக இயங்கியது. மேடையை விட்டு இறங்குவதற்குள் உத்தரவு கையில் இருந்தது. 'விழா நாளன்று குழுவின் உறுப்பினர்கள் இருவர் தாங்களே பாடியும் வாசித்தும் வந்தது கையும் களவுமாகக் கண்டறியப்பட்டதால் நாடா என்னும் பெயர் இன்றே ரத்து செய்யப்படுகிறது. தலைவர் திரு. தறி மீது நடவடிக்கை இல்லை.'

ஜான்சன் அதை மடித்துப் பையில் வைத்தபோது அம்சா எதிரில் நின்றாள்.

"அவன நிறுத்திட்டியேடா" என்றாள்.

ஜான்சன் கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்தான்.

"நல்லா பாடிக்கினு இருந்தான். பாதியில நிறுத்திட்டியே."

"பேரும் போச்சும்மா" என்றான். "ரெண்டையும் நான்தான்மா தொலச்சேன். அவன் கூப்புட்டான். என்னால சும்மா இருக்க முடியல."

அம்சா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். பின்னால் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கீபோர்டை ஏற்கெனவே வண்டியில் ஏற்றியாயிற்று. அம்சா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ பாடனது எனக்குக் காதுல ஏறல. அழுதுகினு இருந்தேன். இன்னொரு தபா பாடு."

"இங்கியாம்மா?"

"எங்கனா பாடு. எனக்குக் கேக்கணும்."

ஜான்சன் பாடினான். கீர்த்தி நாற்காலி முதுகில் விரலால் தட்டினாள். மைதானத்தைக் கடந்துகொண்டிருந்தவர்களில் சிலர் நின்றார்கள். அனுமதியில்லாத ஒலி என்று யாரோ சொல்லிவிட, சிவபாலன் படிவத்தோடு ஓடிவந்தார். முதல் கட்டத்திலேயே குழுவின் பெயரைக் கேட்டிருந்தது.

"தம்பி, என்ன குழுன்னு போடட்டும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெயர் தெரியாமல் அடுத்த கட்டத்தை நிரப்ப விதியில்லாததால், சிவபாலன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அம்சாவின் பக்கத்தில் நின்று கடைசிவரை கேட்டார்.